அட்டையில் “மர்ம நாவல்” என்று போடலாமா? (கொலையே இல்லாத தெருக்கதை)

கழிமுகம்:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசித்துவிட்டுப் பேசாமல் போகிறவள் நான். இப்போது ஒரு பஞ்சாயத்தோடு வந்திருக்கிறேன்.

என் முதல் நாவல் ஜனவரி புத்தகக் காட்சிக்கு வருகிறது. நேற்று பதிப்பாளர் அட்டையை அனுப்பினார். கறுப்புப் பின்னணி. பாதி திறந்த கதவு. கதவுக்கு அடியில் சிவப்பாக ஏதோ வழிகிறது. மேலே, “ஒரு தெரு. ஒரு இரவு. ஒரு பெண்ணைக் காணோம்.” கீழே கொட்டை எழுத்தில், “மர்ம நாவல்”.

கதை இதுதான். எர்ணாவூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, பெயர் சொல்லாத ஒரு தெரு. 2023 டிசம்பர் கடைசியில் ஒரு நள்ளிரவு, கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கட்டின துணியோடு ஓடினார்களே, அந்த இரவில் ஆரம்பிக்கிறது. விடிந்ததும் ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள். சீட்டு பிடிக்கிற அக்கா மட்டும் வரவில்லை. வீடு திறந்தபடி கிடக்கிறது. சீட்டு நோட்டையும் காணோம்.

கொலை கிடையாது. போலீஸ் இரண்டே இடத்தில் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறது. அக்கா எங்கே இருக்கிறாள் என்பது நாலாவது அத்தியாயத்திலேயே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். வாசகருக்கும் தெரிந்துவிடும். மிச்சப் பக்கம் முழுக்க, தெரிந்தவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான்.

“வடசென்னை வாழ்க்கைனு போட்டா குடோன்லயே தூங்கும்மா. மர்மம்னு போட்டா கையில எடுத்தாவது பார்ப்பாங்க” என்கிறார் பதிப்பாளர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அச்சுக்கூலி அவர் காசு. ஆனால் கொலைகாரனைத் தேடி வாங்கினவர் நூறாவது பக்கத்தில் என்னைத் திட்டமாட்டாரா? சொல்லுங்கள்.

பாக்கெட் நாவல் பைத்தியம்:

திட்டுவார். முதல் ஆளாக நானே திட்டுவேன்.

மேடம், மர்மக் கதை வாங்குகிறவன் ஒரு நம்பிக்கையில் வாங்குகிறான். முதல் பக்கத்தில் முடிச்சுப் போட்டால் கடைசிப் பக்கத்தில் அவிழ்த்துக் காட்ட வேண்டும். ராஜேஷ்குமார் 1,500 நாவலுக்கு மேல் எழுதியிருக்கிறார். அவர் பாணி தெரியும்தானே? ஒரு அத்தியாயம் ஒரு ஊரில், அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாமல் வேறு ஊரில், வேறு ஆட்கள். இரண்டும் எங்கே போய்ச் சேரும் என்று மண்டை காயும். ஆனால் சேர்ந்துவிடும். அந்தச் சேர்கிற இடத்துக்காகத்தான் மாசா மாசம் கடையில் தொங்கின புத்தகத்தை க்ளிப்பிலிருந்து உருவிக்கொண்டு போனோம்.

நாலாவது அத்தியாயத்திலேயே ஆள் இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டால் மிச்சத்தை எதற்குப் படிக்க? “குடும்ப நாவல்” என்று போடுங்கள். கெளரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

சும்மா வந்தவன்:

மர்மமா இல்லையா என்பது அப்புறம். அந்தச் சிவப்பு எதற்கு?

கழிமுகம்:

நானும் அதைத்தான் கேட்டேன். “ஏரியாவுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும்னு டிசைனர் போட்டிருக்காரு” என்றார்.

சும்மா வந்தவன்:

அதானே. தண்டையார்பேட்டைக்கு வடக்கே யாராவது கதவைத் திறந்தால் ரத்தம் வழிந்தாக வேண்டும். சினிமாக்காரர்கள் வருடக்கணக்காக நம் ஏரியாவை விற்கிற அதே கலர். அரிவாள், கேரம் போர்டு, கஞ்சா, காசிமேடு. விம்கோ நகர் வரைக்கும் 2021லேயே மெட்ரோ வந்துவிட்டது, அட்டைக்காரர்கள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இதே கதையை அண்ணா நகரில் வைத்து எழுதியிருந்தால் அட்டையில் மழைத்துளி போட்ட ஜன்னலும் ஒரு காபி கோப்பையும் இருந்திருக்கும். உங்களுக்குப் பிரச்சினை “மர்மம்” என்கிற வார்த்தையோடு இல்லை மேடம். “மர்மம்” + “வடசென்னை” என்று சேர்த்துப் போட்டால் வாங்குகிறவன் மனதில் ரவுடிக் கதைதான் ஓடும். உள்ளே ஒரு டியூஷன் டீச்சர் வந்தால் ஏமாந்துபோவான்.

மூர்மார்க்கெட்:

பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் மூர் மார்க்கெட்டுக்குள் இருந்தது. 1985இல் அது எரிந்த பிறகு அல்லிக்குளம் பக்கம் வந்தோம். ஜனங்கள் புத்தகத்தை எப்படி எடுக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

அட்டை, முதல் பக்கம், கடைசிப் பக்கம், விலை. இதுதான் வரிசை. மர்ம நாவல் எடுக்கிறவர் மட்டும் கடைசிப் பக்கம் தப்பித்தவறி கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு புரட்டுவார். அப்படிப்பட்ட ஆளை ஏமாற்றக்கூடாது என்கிறார் பாக்கெட் நாவல் தம்பி. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தம்பி, துப்பறியும் கதைக்குள் குடும்பக் கதை புகுந்தது இன்று நேற்றில்லை. 1908இல் ஜே.ஆர். ரங்கராஜு எழுதிய ராஜாம்பாளில் துப்பறியும் கோவிந்தன் வருகிறார். துப்பறிகிற பக்கங்களைக் கிழித்துப் போட்டாலும் கல்யாணப் பேச்சும் வீட்டுக்குள் நடக்கிற பேரமும் மிச்சம் நிற்கும். சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கொலைகாரன் யார் என்பதை மறந்துவிட்ட ஆட்கள்கூட வசந்த் அடித்த ஜோக்கை வரி மாறாமல் சொல்கிறார்கள். என் கடைக்குத் திரும்ப வந்து அதே புத்தகத்தைக் கேட்கிறார்கள். முடிவு தெரிந்த புத்தகத்தை எதற்கு இரண்டாம் தடவை வாங்க வேண்டும்?

பாக்கெட் நாவல் பைத்தியம்:

அண்ணே, வசந்த் ஜோக்குக்கு வாங்கினாலும் கேஸ் முடியாமல் சுஜாதா விட்டதில்லை. அதுதான் என் கட்சி.

கொளத்தூர் வாசகி:

வெளிநாட்டில் இது தனி வகையாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு புறநகர், வரிசையாக வீடுகள், ஓர் ஆளைக் காணோம், அல்லது ஒரு வீடு எரிகிறது. அட்டையில் பதற்றம், உள்ளே அக்கம்பக்கத்துக் கதை. ஜோனா கேனன் எழுதிய “தி ட்ரபிள் வித் கோட்ஸ் அண்ட் ஷீப்” 2016இல் வந்தது. 1976ஆம் வருடத்து வெயிலில் இங்கிலாந்தில் ஒரு தெரு. ஒரு பெண்ணைக் காணவில்லை. பத்து வயதுச் சிறுமிகள் இருவர் வீடு வீடாகப் போகிறார்கள். படித்துக்கொண்டே போனால் காணாமல் போனவளைவிட அந்தத் தெரு சேர்ந்து மறைத்து வைத்திருக்கிற பழைய விஷயம்தான் பெரிதாகிவிடுகிறது.

அடுத்த வருடம் வந்த செலஸ்ட் இங்கின் “லிட்டில் ஃபயர்ஸ் எவ்ரிவேர்” இன்னும் துணிச்சல். எடுத்த எடுப்பிலேயே வீடு எரிந்துவிடுகிறது, அந்த வீட்டுக் கடைசிப் பெண்தான் கொளுத்தினாள் என்று ஊரே பேசுகிறது. யார் என்ற கேள்வி அங்கேயே காலி. அப்புறம் முழுப் புத்தகமும் அந்த வீடு எரிகிற நிலைக்கு எப்படி வந்தது என்பதுதான். பாக்கெட் நாவல் சார், எனக்கு அதை ராத்திரி கீழே வைக்க முடியவில்லை. அதனால் “மிச்சத்தை எதற்குப் படிக்க” என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அந்தக் கதை நடக்கிற ஷேக்கர் ஹைட்ஸ், அமெரிக்காவில் கிளீவ்லாண்டை ஒட்டித் திட்டம் போட்டுக் கட்டின நிஜமான ஊர், ஆசிரியர் வளர்ந்த இடம். குப்பைத் தொட்டி வாசலில் கண்ணில் படக்கூடாது என்பதால் குப்பை வண்டி வீட்டுப் பின்பக்கம் வந்து எடுத்துக்கொண்டு போகும். இரண்டு குடும்பம் வாடகைக்கு இருக்கிற வீட்டைக்கூட வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடு மாதிரி ஒரே வாசலோடு கட்டியிருப்பார்கள். இத்தனை ஒழுங்காக மூடி வைத்த இடத்தில் மர்மத்தை ஆசிரியர் தேடிப் போக வேண்டியதில்லை, பக்கத்து வீட்டில் சாப்பாடு என்ன என்பதே மர்மம்தான்.

நான் வளர்ந்தது வியாசர்பாடியில். ஆறு போர்ஷனுக்கு ஒரு கக்கூஸ். யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், யாருக்கு வயிறு சரியில்லை, யார் வீட்டில் நேற்று புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளவில்லை, எல்லாம் நாஸ்டா நேரத்துக்குள் தெரிந்துவிடும். லாரித் தண்ணிக்கு வைத்த குடத்தின் நிறத்தை வைத்தே வீட்டில் இன்றைக்கு யார் இருக்கிறார், யார் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அந்த மாதிரி இடத்தில் ரகசியம் என்பதே கிடையாது. தெரியாத மாதிரி இருப்பது மட்டும்தான் உண்டு. அதுவும் சுலபமான வேலை இல்லை, முப்பது வீடும் ஒத்துழைக்க வேண்டும்.

எனவே நம் தெருவில் மர்ம நாவல் எழுதினால் “யார் செய்தது” என்று கேட்க முடியாது. “யார் முதலில் சொல்லப்போகிறார்” என்றுதான் கேட்க முடியும். கழிமுகம் அதைத்தான் எழுதியிருக்கிறார் என்றால் தைரியமாக மர்ம நாவல் என்றே போடலாம்.

லோகோ ஒர்க்ஸ்:

ரிட்டயர்டு ஆசாமி. ரயில்வே இன்ஸ்டிடியூட் லைப்ரரியில் அகதா கிறிஸ்டியை வரிசையாக முடித்தவன். அவர் கதைகளில் துப்பறிகிற கிராமத்துப் பாட்டி மிஸ் மார்பிள், 1930இல் வந்த முதல் நாவலிலிருந்து ஒரே வித்தைதான் செய்கிறார். கொலை எவ்வளவு பெரிய இடத்தில் நடந்தாலும், “இவரைப் பார்த்தால் எங்கள் கிராமத்தில் இன்னாரைப் போல இருக்கிறார்” என்று ஆரம்பித்து ஆளைப் பிடித்துவிடுவார். எங்கள் பெரம்பூர்ப் பக்கத்தில் அந்த வேலையைச் செய்ய ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சம்பளமில்லாமல், ரேஷன் க்யூவில்.

வாசகியம்மா சொன்னதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1996இல் பின்னி மில் மூடினபோது எங்கள் தெருவில் ஒருவருக்கு வேலை போனது. வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாக வீட்டில் சொல்லிவிட்டு தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்புவார். பார்க்கில் உட்கார்ந்திருப்பார். தெருவில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர் சம்சாரம் வந்து “அவர் போற வழியில பார்த்தீங்களா” என்று கேட்டால், “பஸ் ஏறிட்டாரேம்மா” என்போம். பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தம்மாவுக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று. பார்க்கில் கூட உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சாதம் கட்டிக்கொடுத்திருக்கிறார்.

இதில் துப்பறிய என்ன இருக்கிறது? ஆனால் இன்றைக்கு வரைக்கும் அந்தக் கதையைப் பேசுகிறோம்.

கழிமுகம் அம்மாவிடம் ஒரு கேள்வி. உங்கள் நாவலில் அந்த அக்காவைத் தேடுவது யார்? துப்பறிகிற ஆளே இல்லாமல் 200 பக்கத்தை யார் இழுத்துக்கொண்டு போகிறார்கள்?

கணக்குப்பிள்ளை:

அவர் பதில் சொல்வதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். சீட்டு நோட்டு காணோம் என்று படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. தொழில் அப்படி.

சீட்டு தெரியாதவர்களுக்காக: 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000, மொத்தம் 1 லட்சம். மாசா மாசம் ஏலம். அவசரமாகப் பணம் வேண்டியவர் தள்ளி எடுப்பார், அதாவது ஒரு தொகையை விட்டுக்கொடுத்துவிட்டு மிச்சத்தை வாங்கிக்கொள்வார். ஒருவர் 30,000 தள்ளி எடுத்தால் கையில் 70,000 வரும். தள்ளின 30,000இல் சீட்டு பிடிக்கிறவர் கமிஷன் 5,000 என்று வைத்தால், மிச்சம் 25,000-ஐ 20 பேருக்குப் பிரித்து ஆளுக்கு 1,250. அந்த மாதம் எல்லாரும் 3,750 கட்டினால் போதும். அவருடைய அவசரம் மற்றவர்களுக்கு லாபம்.

இப்போது அந்த நோட்டை ஒரு துப்பறிகிறவன் கண்ணால் பாருங்கள். யார், எந்த மாதம், எவ்வளவு தள்ளினார். ஜூனில் தள்ளி எடுத்தால் ஸ்கூல் ஃபீஸ். தையில் எடுத்தால் கல்யாணம். விசேஷமும் இல்லை, ஃபீஸும் இல்லை, ஒரு சாதாரண மாதத்தில் ஒருத்தி பாதிக்குப் பாதி தள்ளி எடுத்திருக்கிறாள் என்றால் அந்த வீட்டில் என்ன நடந்தது? தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அந்த நோட்டு பேசும்.

போலீஸ் ஏன் இரண்டே இடத்தில் வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதி வாங்கி, பதிவு செய்துதான் சீட்டு நடத்த வேண்டும். 2019 திருத்தத்தில் மொத்தம் 18,000 வரை இருக்கிற சின்னச் சீட்டுக்கு விலக்கு கொடுத்தார்கள். லட்ச ரூபாய்ச் சீட்டுக்குக் கிடையாது. தெருவில் நடக்கிறது எதுவும் பதிவாகியிருக்காது. அக்கா மேல் புகார் கொடுக்கப் போனால் முதலில் அந்தச் சீட்டில் தான் இருந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் நோட்டு ஸ்டேஷனுக்குப் போகும். ஸ்டேஷனுக்குப் போன நோட்டை யார் வேண்டுமானாலும் புரட்டலாம். பணம் போனாலும் பரவாயில்லை, அது நடக்கக்கூடாது என்று நினைக்கிறவர்கள் தெருவில் எத்தனை பேர்?

இது மர்ம நாவல் இல்லையென்றால் எது மர்ம நாவல்?

பாக்கெட் நாவல் பைத்தியம்:

அட. இதை ஏன் மேடம் முதலிலேயே சொல்லவில்லை? காணாமல் போனது அக்கா இல்லை, நோட்டு!

கழிமுகம்:

கணக்குப்பிள்ளை சார் என் எட்டாவது அத்தியாயத்தை இங்கேயே எழுதிவிட்டார். “நோட்டு ஸ்டேஷனுக்குப் போகக்கூடாது” என்று தெரு முடிவு செய்கிற இடம் அதுதான். யாரும் கூடிப் பேசுவதில்லை. பால் வாங்கப் போகும்போது ஒன்று, ரேஷன் கடையில் ஒன்று என்று முடிவாகிவிடுகிறது.

லோகோ ஒர்க்ஸ் சார் கேள்விக்கு: தேடுகிற ஆள் என்று தனியாக யாரும் இல்லை. கதையைத் தெருவே சொல்கிறது. சொல்லும்போது தன்னைப் பற்றின பகுதியைத் தாண்டிக்கொண்டு போகிறது. எங்கே தாண்டுகிறது என்று வாசகர்தான் பிடிக்க வேண்டும். துப்பறிகிற வேலை அவருடையது.

ஒரு துண்டு மட்டும் போடுகிறேன். முதல் அத்தியாயம்:

“கதவைத் திறந்தவர்கள் முதலில் மூக்கைப் பொத்தினோம். அப்புறம்தான் பார்த்தோம். டீச்சர் வீட்டிலிருந்து ஐஸ் கம்பெனிக்காரர் வந்தார். தோளில் டீச்சரின் மகன். தன் வீட்டு வாசலில் நின்ற சம்சாரத்திடம் ‘ஓடு’ என்றார். அவளும் ஓடினாள். வாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்து, மூன்று மகன்களிடமும் வைத்தியச் செலவு வாங்கிக்கொண்டிருந்த நாலாம் வீட்டுத் தாத்தா எங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு போனார். செருப்புகூட மாட்டியிருந்தார். சீட்டக்கா தெருமுனையில் நின்று தலையை எண்ணிக்கொண்டிருந்தாள். ‘பதினேழு, பதினெட்டு… யோவ், உன் பொண்டாட்டி எங்கய்யா?’ வாயில் கட்டியிருந்த ஈரத்துணியை இறக்கிவிட்டுத்தான் கத்தினாள்.

“மறுநாள் மத்தியானம் நாலாம் வீட்டுத் தாத்தா படுக்கையில் இருந்தார். மருமகள் கஞ்சி ஊட்டினாள். நாங்கள் போய் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தோம்.”

மூர்மார்க்கெட்:

செருப்புகூட மாட்டியிருந்தார்! அம்மா, இந்தப் பக்கத்தைக் கடையில் யாராவது புரட்டினால் வைத்துவிட்டுப் போகமாட்டார். அட்டை எப்படியோ போகட்டும்.

எர்ணாவூரான்:

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி நான் அங்கே இருந்தேன். அம்மாவை மீன்பாடி வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அமோனியா தண்ணீரில் கரையும் என்று யாரோ சொல்ல, பிளாஸ்டிக் குடத்தில் இருந்த குடிதண்ணீரில் அம்மாவின் புடவைத் தலைப்பை முக்கி மூக்கில் வைத்தோம். கண் எரிச்சல் போக நாளாகியது. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து கழிமுகம் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. படகில், வலையில், ஆத்தங்கரை மரத்தில் எல்லாம் பிசுபிசுப்பு. ஒன்று முடிவதற்குள் அடுத்தது.

உங்கள் துண்டு நன்றாக இருக்கிறது. சிரித்தேன்கூட. யார் வீட்டிலிருந்து யார் வந்தார் என்பது எங்கள் பக்கமும் நடந்தது, இப்போதும் யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்த ராத்திரியை யாரும் மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை. மாசக்கணக்கில் ரோட்டோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். உங்கள் அட்டையைப் பார்த்து வாங்குகிறவருக்கு அது கொலைக்கு முன்னால் வருகிற புகைமூட்டம் மாதிரி ஆகிவிடும். குழாய் கசிந்தது எப்படி, யார் பொறுப்பு என்று கேட்க வேண்டிய ஆள், சீட்டக்கா எங்கே என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார். “மர்மம்” என்று போடுவதில் எனக்கு உறுத்துவது இதுதான்.

இன்னொன்று. அன்றைக்கு எதுவும் சிவப்பாக வரவில்லை. கண்ணுக்கே தெரியவில்லை. அதுதான் பயம்.

சும்மா வந்தவன்:

+1. சிவப்பை எடுக்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

கொளத்தூர் வாசகி:

எர்ணாவூரான் கேட்பது நியாயமான கேள்வி, நான் யோசிக்காத பக்கம். ஷேக்கர் ஹைட்ஸ் கதையில் எரிவது அந்த வீட்டுக்காரர்களின் சொந்த நெருப்பு. இங்கே கேடு வெளியிலிருந்து குழாய் வழியாக வருகிறது, தெரு தன் சில்லறை ரகசியங்களோடு அதில் மாட்டிக்கொள்கிறது. இரண்டையும் ஒரே புத்தகம் தாங்குமா? தாங்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பின்னட்டைக் குறிப்பில் கசிவைப் பற்றி ஒரு வரி நேராக இருக்க வேண்டும். “அந்த விபரீத இரவில்” என்றெல்லாம் மழுப்பாமல், தேதியோடு.

கழிமுகம்:

எர்ணாவூரான் அண்ணா, நாவலில் அந்தக் கேள்வி இருக்கிறது. ஆனால் தெரு அதைச் சத்தமாகக் கேட்கிறது, கோஷம் போட்டுக் கேட்கிறது. அதே வாய் சீட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை. பகலில் பந்தலில் ஒன்றாக உட்கார்ந்து “பதில் சொல்” என்று கத்துகிற இருபது பேரும் ராத்திரி ஒருவருக்கொருவர் பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கசிவு வெறும் பின்னணி என்றால் இதை மணலியில் வைத்தோ மாதவரத்தில் வைத்தோ எழுதியிருப்பேன்.

பாக்கெட் நாவல் பைத்தியம்:

என் கட்சியை முழுசாக விடமாட்டேன். ஆனால் ஒரு வழி சொல்கிறேன். கணக்குப்பிள்ளை சொன்ன நோட்டைத்தான் முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மேலே நோட்டிலிருந்து ஒரு வரி. மாதம், வீட்டு எண், தள்ளின தொகை. அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம். வாசகன் தானாகக் கணக்குப் போட ஆரம்பிப்பான். கடைசி அத்தியாயத்தில் கடைசி மாதம், யாரும் எதிர்பார்க்காத ஒரு வீட்டு எண். அதை அவிழ்த்துவிடுங்கள். அக்கா எங்கே என்று எப்போது சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை. இப்படி ஒரு முடிச்சும் அவிழ்ப்பும் இருந்தால் “மர்ம நாவல்” என்று நீங்கள் தாராளமாகப் போடலாம், நான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:

நல்ல யோசனை. ஆனால் ஒரு எச்சரிக்கை. தொகை போட்டால் கூட்டல் சரியாக வர வேண்டும். இருபது மாதத்துச் சீட்டு என்றால் இருபது பேரும் ஒரு தடவைதான் எடுக்க முடியும். முதல் சீட்டை வழக்கமாகப் பிடிக்கிறவரே தள்ளாமல் எடுத்துக்கொள்வார். இரண்டு சீட்டு போட்டவர் உண்டென்றால் இரண்டு வரி வரும். என்னைப் போல ஓர் ஆள் பென்சிலோடு உட்கார்ந்துதான் படிப்பான்.

லோகோ ஒர்க்ஸ்:

இரண்டு சீட்டு போட்ட ஆள் யாரோ, அங்கேதான் விஷயம் இருக்கிறது. நாலாம் வீட்டுத் தாத்தா?

கழிமுகம்:

சார், வேண்டாம்.

கழிமுகம்:

பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். ரொம்ப நேரம் பேசினோம், ஒரு கட்டத்தில் அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

சிவப்பு போய்விட்டது. கதவும் போய்விட்டது. முன் அட்டையில் கோடு போட்ட நோட்டின் ஒரு பக்கம், கையெழுத்தில் வீட்டு எண்களும் தொகையும். எழுத்து என் அம்மாவுடையது, அவரும் ஒரு காலத்தில் சீட்டு பிடித்தவர். “மர்ம நாவல்” என்பதை எடுக்கப் பதிப்பாளர் ஒப்பவில்லை, நானும் முன்பு மாதிரி அடம் பிடிக்கவில்லை. நோட்டின் மூலையில் சின்னதாக இருக்கிறது. “ஒரு பெண்ணைக் காணோம்” என்கிற வரிக்குப் பதிலாக, “எல்லாருக்கும் தெரியும்.” பின்னட்டையில் 2023 டிசம்பர் 26 என்று தேதி போட்டு, குழாய் கசிவு என்றே எழுதச் சொல்லிவிட்டேன். வக்கீலிடம் காட்ட வேண்டும் என்றார், காட்டட்டும்.

அத்தியாயத்துக்கு மேலே நோட்டு வரி போடுகிற யோசனையை எடுத்துக்கொள்கிறேன் பாக்கெட் நாவல் சார். இருபத்திரண்டு அத்தியாயம், இருபது மாதம். இரண்டு அத்தியாயம் வெறுமனே இருக்கும்.

பாக்கெட் நாவல் பைத்தியம்:

மூலையில் சின்னதாகப் போட்டால் கடையில் தொங்கும்போது க்ளிப் மறைத்துவிடும். நடுவில் போடச் சொல்லுங்கள்.

சும்மா வந்தவன்:

இப்போதெல்லாம் எந்தக் கடையில் ஐயா புத்தகம் தொங்குகிறது?

எர்ணாவூரான்:

அச்சுக்குப் போவதற்கு முன்னால் பந்தல் வருகிற அத்தியாயங்களை எனக்கு அனுப்ப முடியுமா? திருத்தம் சொல்ல வரவில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் என் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் இங்கேயே வந்து எழுதுவேன்.

கழிமுகம்:

தனிச்செய்தியில் முகவரி கொடுங்கள் அண்ணா. மூன்று அத்தியாயம் இருக்கிறது, பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து அனுப்புகிறேன்.